டார்க் சைட் ஆஃப் த மூன்: 1973ஆம் ஆண்டுத் தட்டை இன்னும் ஏன் விடாமல் கேட்கிறோம்?

#1 வினைல்பித்தன்

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' பற்றி இங்கே பல இடங்களில் துண்டு துண்டாகப் பேசியிருக்கிறோம். தனியாக ஓர் இழை இல்லை என்பதால் தொடங்குகிறேன்.

1973 மார்ச்சில் வந்த தட்டு. அதே ஆண்டுகளில் வந்த எத்தனையோ நல்ல ராக் தட்டுகளை இன்று அந்தக் காலத்து ஆட்கள் மட்டும்தான் எடுத்துக் கேட்கிறார்கள். இதற்கு மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக ஆள் சேர்கிறது. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் இதை நான் சொல்லிக் கேட்கவில்லை. தானாகவே போய்ச் சேர்ந்திருக்கிறான். இப்போது என்னிடம் வந்து விளக்குகிறான்!

காரணம் என்ன? என் பதிலை முதலில் வைத்துவிடுகிறேன்: சொற்கள். இதற்கு முன்னால் இந்தக் குழுவின் பாட்டுகளில் விண்வெளி, கனவு, மூட்டம் எல்லாம் இருந்தன. இந்தத் தட்டில் பேஸ் கிட்டார்காரரும் பாட்டெழுதியவருமான ரோஜர் வாட்டர்ஸ் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நேராகப் பேச ஆரம்பித்தார். நேரம், பணம், சாவு, போர், மனம் பேதலிப்பது. இவ்வளவுதான் பொருள். சுற்றிவளைப்பு கிடையாது. முதல்முறையாகப் பாடல் வரிகளைத் தட்டின் உறையிலேயே அச்சிட்டார்கள். வரிகளை மக்கள் படிக்க வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது.

'டைம்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கை இனிமேல்தான் தொடங்கும் என்று பொழுதைக் கழித்துக்கொண்டிருக்கும் ஒருவன். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் 10 வருஷம் போய்விட்டது. இதை எழுதியபோது வாட்டர்ஸுக்கு 28, 29 வயது. தட்டு வெளிவந்த அன்று நால்வரில் ஒருவருக்கும் 30 ஆகவில்லை. தயாராவதெல்லாம் முடிந்து, வாழ்க்கை எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டது என்று அந்த வயதில் உறைத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த வயதில் அது உறைக்காத ஆள் யார்? 20 வயதுக்காரனுக்கு அது பயம். 50 வயதுக்காரனுக்கு அது கணக்கு. இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மாற்றுக் கருத்தும் வரட்டும்.

#2 கோடம்பாக்கம்_ஒலி

நல்ல இழை. ஆனால் சொற்கள் என்று நீங்கள் சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஒலிக்கலவை என் தொழில். என் காதுக்கு இது முதலில் ஒலியின் தட்டு.

இன்று பிள்ளைகள் லேப்டாப்பில் ஒரு ஒலியை வெட்டி ஒட்டி, மவுஸால் இழுத்து லூப் போட்டுவிடுகிறார்கள். லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் 1972இல் இவர்களுக்கு இருந்தது 16 ட்ராக் டேப். அவ்வளவுதான். 'மனி' பாட்டின் தொடக்கத்தில் வரும் கல்லாப்பெட்டி ஓசையைக் கவனித்திருப்பீர்கள். நாணயம் விழுவது, காகிதம் கிழிவது, கல்லா திறப்பது என்று தனித்தனி ஓசைகள். மண்பாண்டம் செய்யும் தன் மனைவி களிமண் கலக்கும் பெரிய கிண்ணத்தில் காசைப் போட்டுத்தான் வாட்டர்ஸ் அந்த ஓசையைப் பிடித்தார். பிறகு ஒவ்வோர் ஓசையும் இருக்கும் டேப்பை ஸ்கேல் வைத்து அளந்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, வரிசையாக ஒட்டி வட்டமாக்கினார்கள். தாளத்தின் ஓர் அடிக்கு ஒரு துண்டு, மொத்தம் 7. அந்த நாடாவட்டம் இயந்திரத்துக்கு வெளியே நீண்டு தொங்கும். அது தொய்யாமல் ஓட மைக் ஸ்டாண்டில் சுற்றிவிட வேண்டும். ஒரு துண்டு கால் அங்குலம் கூடினாலும் தாளம் தள்ளாடும். அந்த லூப்பின்மேல்தான் பேஸ் கிட்டார் வந்து உட்காருகிறது. இன்னொரு முறை அந்த முதல் 20 விநாடியை ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்லலாம்.

'டைம்' தொடக்கத்தில் ஒரே நேரத்தில் அலறும் கடிகாரங்கள்: அது ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸின் கை. பழம்பொருள் கடிகாரக் கடை ஒன்றில் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தார். நான்கு திசை ஒலியைச் செய்துகாட்டுவதற்காக அவர் எடுத்த பதிவு அது, இந்தப் பாட்டுக்காக எடுத்ததே இல்லை. பாட்டு உருவாகும்போது 'என்னிடம் ஒன்று இருக்கிறது' என்று கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் ஒரே விநாடியில் அடிக்கும்படி சேர்ப்பதற்குள் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று என்னைப் போன்ற ஆளுக்குத் தெரியும். அப்போது அவர் சம்பளம் வாரத்துக்கு 35 பவுண்டு.

'ஆன் த ரன்' முழுவதும் ஒரு சிறிய சின்தசைசர் பெட்டியில் அடித்த 8 சுரங்கள்தான். மெதுவாக உள்ளே ஏற்றி, பிறகு வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். தட்டின் முதலிலும் கடைசியிலும் வரும் இதயத்துடிப்பு, குழுவின் டிரம்ஸ்காரர் நிக் மேசன் பேஸ் டிரம்மில் எழுப்பியது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். கடைசிக் கலவையில் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வாட்டர்ஸும் மேசனும் ஒலி உலர்வாக, நெருக்கமாக இருக்க வேண்டும் என்றார்கள். கிட்டார் வாசித்த டேவிட் கில்மோரும் கீபோர்டு வாசித்த ரிக் ரைட்டும் எதிரொலி வேண்டும், விரிவு வேண்டும் என்றார்கள். தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸை வெளியிலிருந்து அழைத்துவந்து நடுவில் உட்காரவைத்தார்கள். இந்தத் தட்டில் பேச்சு காதருகே இருக்கும், பாட்டு தொலைவில் விரியும். அந்தச் சண்டையில் யாரும் முழுதாக ஜெயிக்காமல் போனதால் நமக்குக் கிடைத்தது அது.

இவ்வளவு உழைப்பு இருக்கும் ஒலி பழசாகாது. என் கட்சி அதுதான்.

#3 எக்கோஸ்71

இரண்டு பேரும் அழகாகச் சொன்னீர்கள். ஆனால் நான் எதிர்க்கட்சி.

1971இல் வந்த 'மெடில்' தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க 'எக்கோஸ்', 23 நிமிடம். அதில் நான்கு பேரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்கள். எங்கே போகப் போகிறது என்று அவர்களுக்கே தெரியாத ஒரு துணிச்சல் அதில் இருக்கிறது. 'டார்க் சைட்' வந்தபோது அந்தத் துணிச்சல் போய்விட்டது. எல்லாம் அளந்து வெட்டியாகிவிட்டது. ஸ்கேல் வைத்து வெட்டினார்கள் என்று ஒலிக்காரர் பெருமையாகச் சொன்னதையே நான் குறையாகச் சொல்கிறேன். ஹை-ஃபை கடைகளில் ஸ்பீக்கர் விற்க இந்தத் தட்டைப் போட்டுக்காட்டினார்கள் என்பது சும்மா இல்லை. கடைக்காரருக்கு வசதியான இசை அது.

அதிகம் பேர் கேட்கிறார்கள் என்பது உயர்வுக்குச் சான்று ஆகாது.

#4 வினைல்பித்தன்

எக்கோஸ், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 'எக்கோஸ்' இல்லாமல் 'டார்க் சைட்' இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'அளந்து வெட்டியது' என்பது பாதிக் கதைதான்.

ஸ்டூடியோவுக்குள் போவதற்கு முன்னாலேயே இந்தத் தொகுப்பை முழுசாக மேடையில் வாசித்திருக்கிறார்கள். முதல் முயற்சி 1972 ஜனவரி, பிரைட்டன் டோம் அரங்கம். 'மனி' வந்தபோது டேப் கோளாறாகி நிறுத்த வேண்டியதாயிற்று. பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் வாசித்தார்கள். தட்டு வெளிவர இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தது. அந்த ஓர் ஆண்டும் ஊர் ஊராக வாசித்து வாசித்து மாற்றிக்கொண்டே போனார்கள். நடுவில் பிரான்ஸ் போய் ஒரு படத்துக்கு இசையமைத்து 'அப்ஸ்கியூர்ட் பை கிளௌட்ஸ்' என்று இன்னொரு தட்டும் வெளியிட்டார்கள். 'எக்லிப்ஸ்' என்ற முடிவுப் பாட்டு தொடக்கத்தில் கிடையாது. மேடையில் வாசித்தபோது முடிவு போதவில்லை என்று தோன்றி வாட்டர்ஸ் எழுதிச் சேர்த்தது.

'ஆன் த ரன்' இருக்கும் இடத்தில் அப்போது வேறொரு கிட்டார் வாசிப்பு இருந்தது. 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை' (சுருக்கமாக 'கிரேட் கிக்') இருக்கும் இடத்தில் ஆர்கனும் பைபிள் வாசிப்பும் இருந்தன. அதாவது கூட்டத்துக்கு முன்னால் வாசித்துப் பார்த்து, ஒட்டாததைத் தூக்கிவிட்டு, ஒட்டியதை வைத்திருக்கிறார்கள். நீங்கள் தேடும் துணிச்சல் அந்த மேடைகளில் இருந்தது. நம் கைக்கு வந்தது அதன் கடைசி வடிவம்.

#5 ரேவா

கிளேர் டோரி பெயரை இன்னும் யாரும் சொல்லவில்லையே! சொற்கள், ஒலி என்று பேசுகிறீர்கள். இந்தத் தட்டில் என்னைப் பிடித்துவைத்திருப்பது அவர் சொல்லே இல்லாமல் பாடிய 'கிரேட் கிக்'.

ரிக் ரைட் போட்ட பியானோ மெட்டு இருந்தது. அதன்மேல் என்ன வைப்பது என்று தெரியவில்லை. ஆலன் பார்சன்ஸ் தனக்குத் தெரிந்த ஒரு பாடகியைச் சொன்னார். 25 வயது கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வரிகள் கிடையாது, சாவைப் பற்றிய பாட்டு, மனதில் வருவதைப் பாடுங்கள் என்றார்கள். முதலில் 'பேபி, பேபி' என்று ஏதோ பாடியிருக்கிறார், அது வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்போதுதான் தன் குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு முறை முழுதாகப் பாடினார். மூன்றாவது முறை பாதியில் நிறுத்திக்கொண்டார், இதற்குமேல் பாடினால் நடிப்பாகிவிடும் என்று. வெளியே வந்தபோது இது தட்டில் வரவே வராது என்றுதான் நினைத்திருக்கிறார். கடையில் தட்டைப் பார்த்து, உறையில் தன் பெயர் இருப்பதைக் கண்டுதான் தெரிந்துகொண்டார்.

கூலி 30 பவுண்டு. ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி, அதுவே அவ்வளவுதான்.

அந்தக் குரலை ஒருமுறை வேறெதுவும் செய்யாமல் கேளுங்கள். முதல் பாதியில் அவர் சாவோடு மல்லுக்கட்டுகிறார். தொண்டை கிழியும் அளவுக்கு மேலே போகிறார், மூச்சு முட்டுவது கேட்கிறது. பிறகு டிரம்ஸ் அடங்குகிறது, பியானோ மட்டும் நிற்கிறது. அவர் குரலும் தணிகிறது. அழுது முடித்த பிறகு வருமே ஒரு விக்கல் கலந்த அமைதி, அந்த இடம். கடைசியில் அது முனகலாகி, பாடுகிறாரா மூச்சுவிடுகிறாரா என்று பிரிக்க முடியாமல் முடிகிறது. எங்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்த பிறகு பல மாதம் எந்தப் பாட்டும் கேட்க முடியாமல் இருந்தேன். இதை மட்டும் கேட்க முடிந்தது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை என்பதாலேயே கேட்க முடிந்தது.

அந்த மெட்டை அந்த இடத்தில் உருவாக்கியவர் அவர். ஆனால் பல ஆண்டுகளாக இசையமைத்தவர் பெயர் ரைட் என்று மட்டும்தான் இருந்தது. 2004இல் வழக்குப் போட்டார். 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. அதன் பிறகு வந்த பதிப்புகளில் ரைட், டோரி என்று இரண்டு பெயரும் இருக்கின்றன. 30 ஆண்டுக்கு மேல் ஆனது. இந்தத் தட்டைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

#6 கோடம்பாக்கம்_ஒலி

ரேவா சகோதரி, ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். கோரஸ் பாடுபவர்கள், வாசிப்பவர்கள் பெயர் தட்டில் வராமல் போவதை எங்கள் தொழிலில் நிறையப் பார்த்தாகிவிட்டது. டோரி வழக்கு எங்களுக்கெல்லாம் பெரிய விஷயம்.

#7 புதியகாது

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். நடுநடுவே யாரோ பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். அவர்கள் யார்? நடிகர்களா?

#8 வினைல்பித்தன்

நடிகர்கள் இல்லை, தம்பி. வாட்டர்ஸ் சில கேள்விகளை அட்டைகளில் எழுதினார். முதலில் சாதாரணக் கேள்விகள், போகப்போகக் கனமான கேள்விகள். சாவுக்குப் பயமா? கடைசியாக எப்போது ஒருவரை அடித்தாய்? உன் பக்கம் நியாயம் இருந்ததா? ஸ்டூடியோவில் அன்று யார் அகப்பட்டார்களோ அவர்களை மைக் முன்னால் உட்காரவைத்து, ஓர் அட்டையைப் படித்து பதில் சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கச் சொன்னார். குழுவோடு ஊர் சுற்றிய உதவியாளர்கள், வேறு பாட்டுக்குழுக்காரர்கள், ஸ்டூடியோ ஊழியர்கள். பக்கத்தில் வேலையாக இருந்த பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும்கூடப் பேசினார்கள். அவர்கள் பதில் எடுபடவில்லை. ஜாக்கிரதையாக, வேடிக்கையாகப் பேசிவிட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

மாறாக, கடைசியில் இதயத்துடிப்புக்கு மேல் கேட்கிறதே, நிலாவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்று தனியாக இல்லை, உண்மையில் எல்லாமே இருட்டுதான் என்று ஒரு குரல், அது அபே ரோடு வாயிற்காவலர் ஜெரி ஓ'டிரிஸ்கால். அயர்லாந்துக்காரர். உலகத்திலேயே புகழ்பெற்ற பாடகரை விட்டுவிட்டு வாயிற்காவலர் சொன்னதைத் தட்டின் கடைசிப் பேச்சாக வைத்தார்களே, அந்தத் தேர்வுக்காகவே வாட்டர்ஸைக் கும்பிடலாம். பெரிய கேள்விக்குப் பெரிய மனிதர் பதில் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

#9 மிஸ்ரசாபு

மிருதங்கம் வாசிப்பவன் நான். ராக் பக்கம் என்னை இழுத்தது 'மனி'. 7 அடி என்று கேள்விப்பட்டதும் தகிட தகதிமி என்று 3, 4ஆகப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். நம் மிஸ்ரசாபு தாளத்தின் அந்தத் துள்ளல் இங்கே கிடையாது. பேஸ் வரியைப் பிடித்துக்கொண்டு நேராக 7 எண்ணினால் சரியாக உட்காருகிறது. கனமாக, நடக்கிற 7.

ரசிக்க வேண்டிய இடம் கிட்டார் தனி. அதுவரை சாக்ஸஃபோனில் டிக் பாரி 7இலேயே வாசிக்கிறார். கில்மோர் உள்ளே வரும்போது தாளம் 4ஆக மாறுகிறது. அந்த மாற்றத்தில் ஒரு வண்டி மேட்டிலிருந்து சமவெளிக்கு இறங்கின மாதிரி எல்லாம் விடுபட்டு ஓடுகிறது. பிறகு மறுபடி 7க்குள் வந்து நிற்கிறார்கள். அமெரிக்காவில் இதைச் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக வெளியிட்டு, அது 13ஆம் இடம் வரை போயிருக்கிறது. 7 அடித் தாளத்தில் ஒரு பாட்டு வானொலியில் ஓடியிருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு.

#10 தட்டுசேகரிப்போன்

'மனி' சிங்கிள் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அதை அமெரிக்காவில் ஓடவைத்ததில் நம் பக்கத்துக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. பாஸ்கர் மேனன். 1934இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர், டூன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு. 1957இல் இ.எம்.ஐ. என்ற பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்து, பிறகு கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் தலைமைக்கு வந்தார். நம் வீடுகளில் இருந்த நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகள் அந்தக் கம்பெனியின் கல்கத்தா டம்டம் ஆலையிலிருந்து வந்தவைதான். 1971இல் இ.எம்.ஐ.யின் அமெரிக்கக் கிளையான கேபிடல் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா போனார்.

அதுவரை பிங்க் ஃப்ளாய்ட் தட்டுகள் அமெரிக்காவில் பெரிதாக விற்றதில்லை. கேபிடல் தங்களைக் கவனிக்கவில்லை என்று குழு வேறு நிறுவனத்தோடு பேசி முடித்துவிட்டது. இந்தத் தட்டு கேபிடலுக்குக் கடைசி. கையைவிட்டுப் போகப்போகிற குழுதானே என்று மேனன் சும்மா இருந்திருக்கலாம். அவர் நேர்மாறாக நிறுவனத்தின் முழுப் பலத்தையும் இதன்மேல் இறக்கினார். நிக் மேசன் பிற்பாடு இதை வெளிப்படையாகச் சொல்லி மேனனுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். மேனன் 2021 மார்ச்சில் காலமானார். நம் பத்திரிகைகள் அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1973க்கும் 1988க்கும் இடையில் மொத்தம் 741 வாரம் பட்டியலிலேயே இருந்தது. பிரிட்டனில் 2ஆம் இடத்தைத் தாண்டவே இல்லை. இதுவரை உலகம் முழுவதும் 4.5 கோடிக்கு மேல் விற்றிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். வந்த வேகத்தில் உச்சிக்குப் போய் இறங்கின தட்டு இல்லை இது. வாங்கினவன் நண்பனுக்குப் போட்டுக்காட்டி, நண்பன் போய் வாங்கி, அப்படியே ஊறி ஊறிப் போனது.

#11 திரைக்காதலன்

'விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தோடு சேர்த்து ஓடவிட்டால் காட்சிக்குக் காட்சி பொருந்துகிறது என்கிறார்களே, அதைப் பற்றிப் பேசலாமா?

#12 கோடம்பாக்கம்_ஒலி

அது தற்செயல். குழுவினரும் பார்சன்ஸும் மறுத்திருக்கிறார்கள். 1972இல் அபே ரோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டு ஒரு முழு நீளப் படத்தை ஓட்டி ஓட்டி இசையைப் பொருத்துவதற்கு வசதியும் இல்லை, காரணமும் இல்லை. எந்தப் படத்தோடு எந்தத் தட்டைப் போட்டாலும் நான்கைந்து இடம் பொருந்தும். அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே வேண்டாம்.

#13 ரேவா

அட்டைப்படத்துக்கும் பங்கு உண்டு அல்லவா? டி-ஷர்ட்டில் அந்த முக்கோணத்தைப் பார்த்துவிட்டுத் தேடிப்போய்க் கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

#14 தட்டுசேகரிப்போன்

நிச்சயமாக. ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனம், ஸ்டார்ம் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் நடத்தியது. வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. எப்போதும் போல ஒரு புகைப்படம் வேண்டாம், எளிமையாக, நேர்த்தியாக ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டவர் ரிக் ரைட். இயற்பியல் புத்தகத்தில் இருக்கும் முப்பட்டகப் படத்திலிருந்து யோசனை வந்தது. முன்பக்கத்தில் குழுவின் பெயரே கிடையாது. நிறங்களை எண்ணிப் பாருங்கள், 6தான் இருக்கும். கருநீலத்தை விட்டுவிட்டார்கள்.

எல்.பி. வைத்திருப்பவர்கள் உறையை விரித்துப் பாருங்கள். அந்த நிறக்கோடுகள் உள்ளேயும் தொடரும், பச்சைக்கோடு மட்டும் இதயத்துடிப்பு வரைபடம் போல எகிறி இறங்கும். அது வாட்டர்ஸின் யோசனை. பின்பக்கத்தில் இன்னொரு முப்பட்டகம் நிறங்களை மறுபடி சேர்க்கும். கடையில் உறைகளை வரிசையாக விரித்து வைத்தால் ஒளி அறுபடாமல் ஓடும். தட்டும் இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிறது, உறையும் அப்படியே. இதைக் கைப்பேசித் திரையில் ஒரு நகம் அளவுச் சதுரமாகப் பார்க்கும் தலைமுறைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

#15 எக்கோஸ்71

திரும்பி வந்திருக்கிறேன். வாரக்கடைசியில் இரண்டு தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். என் கட்சி மாறவில்லை. ஆனால் ஒரு பாட்டுக்காக விட்டுக்கொடுப்பேன்: 'அஸ் அண்ட் தெம்'.

இந்த மெட்டு 1973க்கு உரியதே அல்ல. அந்தோனியோனியின் 'சாப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காக ரைட் பியானோவில் போட்டது. படம் 1970இல் வந்தது. திரையில் கலவரம் நடக்கும்போது இந்தச் சாந்தமான பியானோ ஓட வேண்டும் என்பது திட்டம். இயக்குநர் வேண்டாம் என்றுவிட்டார். மெட்டு சும்மா கிடந்தது. பிறகு வாட்டர்ஸ் அதற்குப் போரைப் பற்றி வரிகள் எழுதினார். அவர் அப்பா இரண்டாம் உலகப்போரில் 1944இல் இத்தாலியின் ஆன்சியோவில் இறந்தார். அப்போது ரோஜர் சில மாதக் குழந்தை. பின்னால் இருந்துகொண்டு 'முன்னேறு' என்று கத்தும் தளபதி, முன்வரிசையில் சாகும் சிப்பாய் என்று வரும் வரிகளை அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. அதைக் கில்மோர் கத்திப் பாடவில்லை. ஒரு சொல்லைப் பாடிவிட்டு நிறுத்துகிறார். அந்தச் சொல் எதிரொலித்து எதிரொலித்துத் தேய்ந்த பிறகுதான் அடுத்த சொல். நடுவில் ரைட்டின் ஆர்கன். சுமார் 8 நிமிடம், அவசரமே இல்லை.

ரைட்டைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டில் கேட்ட ஒரு கார்டைத்தான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) 'பிரீத்' பாட்டில் வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். இந்தத் தட்டின் பதற்றமான வரிகளுக்கு அடியில் ஒரு நிதானம் ஓடுகிறதே, அது அவர். 2008இல் போய்விட்டார். சொற்களா, ஒலியா என்று நீங்கள் இருவரும் வாதாடுகிறீர்கள். நான் ரைட்டின் விரல்கள் என்பேன்.

#16 வினைல்பித்தன்

அருமை. இதற்காகவே இழை தொடங்கியதில் எனக்கு நிறைவு.

விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன்: சிட் பாரெட். குழுவை முதலில் வழிநடத்தியவர், பாட்டெழுதியவர், மனம் குலைந்து 1968இல் வெளியேறியவர். பாரெட், வாட்டர்ஸ், கில்மோர் மூவரும் கேம்பிரிட்ஜ் ஊரில் வளர்ந்தவர்கள். 'பிரெயின் டேமேஜ்' பாட்டில் புல்தரையில் ஒரு பித்தன் நிற்கிறானே, அந்தப் புல்தரை கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரிக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருப்பது என்று வாட்டர்ஸ் சொல்லியிருக்கிறார். புல்லில் கால் வைக்காதே என்று பலகை வைத்திருக்கும் இடம். அவ்வளவு அழகான புல்லில் யாரையும் நடக்கவிடாததுதான் பித்து என்பது அவர் கட்சி. அந்தப் பாட்டில் பைத்தியம் என்று யாரையும் தள்ளிவைக்கவில்லை. உன்னை நிலாவின் இருண்ட பக்கத்தில் சந்திக்கிறேன் என்கிறார், அதாவது நானும் அங்கேதான் வரப்போகிறேன் என்று. கூடப் பழகிய ஒருவரை அப்படி இழந்தவர்கள்தான் இதை எழுத முடியும்.

#17 புதியகாது

இவ்வளவு படித்த பிறகு முழுசாகக் கேட்டேன். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விழுகிறது. 'பிரெயின் டேமேஜ்' முடிந்து 'எக்லிப்ஸ்' தொடங்கும் இடத்தில் சட்டென்று அறுந்த மாதிரி இருந்தது. தட்டே அப்படித்தானா?

அப்புறம், 2023இல் வாட்டர்ஸ் தனியாகப் புதிதாகப் பதிவு செய்திருக்கிறாராமே, அதைக் கேட்கலாமா?

#18 கோடம்பாக்கம்_ஒலி

தட்டு அப்படி இல்லை, தம்பி. உங்கள் செயலியின் அமைப்பு. செட்டிங்ஸில் கேப்லெஸ் பிளேபேக் என்று இருக்கும், அதை இயக்குங்கள். கிராஸ்ஃபேட் இருந்தால் நிறுத்திவிடுங்கள், ஷஃபிள் கட்டாயம் நிறுத்துங்கள். ஒலியளவைச் சமப்படுத்தும் நார்மலைசேஷனையும் எடுத்துவிடுங்கள். முதல் இதயத்துடிப்பு கிட்டத்தட்டக் கேட்காத அளவில் தொடங்க வேண்டும், கடிகாரங்கள் தூக்கிவாரிப்போட வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் போனால் பாதி போச்சு. மொத்தம் 43 நிமிடம்தான். எல்.பி.யில் உண்மையான இடைவெளி ஒன்றே ஒன்று: 'கிரேட் கிக்' முடிந்து தட்டைத் திருப்பிப் போடும் இடம். அங்கே நீங்களும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு 'மனி'க்குப் போங்கள்.

#19 எக்கோஸ்71

2023 பதிவைப் பற்றி நான் சொல்கிறேன். வாட்டர்ஸுக்கு 80 வயது. தனியே செய்திருக்கிறார். கில்மோர் இல்லை, மேசன் இல்லை, கிட்டார் தனி வாசிப்புகளை எடுத்துவிட்டு அந்த இடங்களில் தாழ்ந்த குரலில் பேசுகிறார். சில இடங்களில் அது என்னைத் தொட்டது. 29 வயதில் எழுதிய 'டைம்' வரிகளை 80 வயதுக் குரலில் கேட்பது வேறு அனுபவம்தான்.

ஆனால் வினைல் அண்ணே, உங்கள் வாதத்துக்கு இது ஒரு சோதனை. அதே சொற்கள், எழுதியவரே சொல்கிறார், கூடவே இன்னும் நிறையச் சொற்கள். அப்படியிருந்தும் நான் அதை இரண்டாம் முறை போடவில்லை. 'கிரேட் கிக்' இருக்கும் இடத்தில் அவர் பேசும்போது எனக்கு டோரியின் குரல்தான் வேண்டியிருந்தது.

#20 வினைல்பித்தன்

சோதனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பல முறை போட்டேன். 'டைம்' மட்டும் தனியாக. பழைய பதிவில் கில்மோரின் கிட்டார் அந்தப் பயத்தை அழகாக்கி நம்மைத் தப்பவிட்டுவிடுகிறது. புதியதில் தப்ப வழியே இல்லை, அந்த வரிகளோடு உட்கார்ந்தே ஆக வேண்டும். எல்லா நாளும் கேட்க முடியாது, அது உண்மை. புதியகாது, முதலில் 1973ஐ நன்றாகக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். 'டைம்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, எது உங்களைப் பிடித்தது என்று இங்கே எழுதுங்கள். உங்கள் வயதில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

#21 ரேவா

அதோடு 'கிரேட் கிக்'கையும் எழுதுங்கள், தம்பி. 2005க்குப் பிறகு வந்த பதிப்பாகப் பார்த்து எடுங்கள், இரண்டு பெயரும் இருக்கும்.